பெயர் வர வேண்டிய இடம்

அந்தப் பாட்டின் நடுவில் ஆட்கள் கத்துவதை நான் முதன்முதலாகக் கேட்டது சேலையூரில், ஒரு கல்யாண வரவேற்பில். கையில் பிரியாணித் தட்டு. மேடைக்கு முன்னால் மாப்பிள்ளையின் நண்பர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். பாட்டு நிற்கிற இடம் வந்தது, நின்றது. அடுத்த வரி தொடங்குவதற்குள் அத்தனை தடியன்களும் கையைத் தூக்கி "மாப்ள!" என்று அலறினார்கள். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. பிரியாணிமீது ஒரு குறையும் இல்லை. தட்டை அப்படியே வைத்துவிட்டு, பெண்ணின் அம்மாவிடம்கூடச் சொல்லிக்கொள்ளாமல் வெளியே வந்து ஷேர் ஆட்டோவில் ஏறினேன். அதிலும் அதே பாட்டுதான் ஓடிக்கொண்டிருந்தது.

அது சாவுப் பாட்டு. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஞானம் ஒன்றும் வேண்டாம். முதல் வரியிலேயே பாடை வருகிறது. இரண்டாவது வரியில் தெரு முழுக்கப் பூ சிதறிக் கிடக்கிறது. செத்துப்போன தன் அக்காவுக்காக எழுதியது என்று பாடினவளே பேட்டிகளில் சொல்லியிருக்கிறாள். கேட்கிற எல்லோருக்கும் தெரியும். அடி நன்றாக இருக்கிறது, ஆட வருகிறது, அதனால் ஆடுகிறார்கள். தெரியாமல் ஆடியிருந்தால் எனக்கு இவ்வளவு அருவருப்பு வந்திருக்காது.

பாடுகிறவள் பம்மல்காரி. முப்பது வயது ஆகியிருக்காது. தானே எழுதி, தானே மெட்டுக் கட்டி, கிட்டாரும் தானே வாசித்துப் பாடுவாள். நானும் பம்மலில் பிறந்து வளர்ந்தவள்தான். தோல் பதனிடுகிற டேனரி நாற்றத்தில் வளர்ந்தவர்களுக்கு மூக்கு மரத்துவிடும் என்பார்கள். எனக்கு நேர்மாறாக ஆகிவிட்டது, எல்லாமே நாறுகிறது. இப்போது அம்மாவோடு சிட்லபாக்கத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். பல்லாவரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். சின்ன வயதிலிருந்து சர்ச் பாடகர் குழுவில் பாடுகிறேன். ஒரு பாட்டு பிடித்துவிட்டால் அதைப் பிரித்துப் போட்டுப் பார்த்தால்தான் எனக்கு நிம்மதி. அவளுடைய பாட்டுகளை அப்படித்தான் ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.

தண்ணி லாரியைப் பற்றி அவள் ஒரு பாட்டு வைத்திருக்கிறாள். கிட்டாரில் மொத்தமே இரண்டு கார்டு, இரண்டே சுரக்கூட்டு. ஒன்றிலிருந்து மற்றதற்கு அவள் மாறுவது தாளம் விழுகிற இடத்தில் அல்ல, அதற்கு அரைத் தட்டு முன்னால். குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவளின் அவசரம் முழுக்க அந்த அரைத் தட்டில் இருக்கிறது. மூச்சை வார்த்தையின் நடுவில் வாங்குவாள். என் மாணவி யாராவது அப்படி வாங்கினால் நிறுத்தி மறுபடி பாடச் சொல்வேன். இவள் வாங்கும்போது சரியாக இருக்கிறது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையைப் பற்றி இன்னொரு பாட்டு. வாங்குகிறவன் கேட்பது மேலே, விற்கிறவன் சொல்வது கீழே. இரண்டு மெட்டும் ஒன்றையொன்று நோக்கி நகர்ந்து நகர்ந்து, ஒரே ஒரு சுரம் மிச்சம் இருக்கும்போது பாட்டு முடிந்துவிடும். பேரம் படியவில்லை. இதையெல்லாம் அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது.

எல்லாமே நல்ல பாட்டு என்று சொல்ல மாட்டேன். கடைசியாக வந்த காதல் பாட்டு மகா மட்டம். குரலை மெஷினில் விட்டு வழவழவென்று ஆக்கிவிட்டார்கள். அவள் "ஓ" என்று இழுக்கும்போதெல்லாம் எனக்குப் பல் கூசும். மூக்கடைப்பும் கரகரப்புமாக இருந்த குரலைக் கழுவித் துடைத்து மால் கழிவறைபோல ஆக்கியதற்கு யாரைப் பிடித்துத் திட்டுவது என்று தெரியவில்லை.

சாவுப் பாட்டுக்கு வருகிறேன். மெட்டு சட்ஜத்திலிருந்து பஞ்சமம் வரைதான், அதற்கு மேல் ஏறாது. ஒவ்வொரு வரியும் பஞ்சமத்தில் தொடங்கிப் படிப்படியாகக் கீழே வந்து சட்ஜத்தில் உட்காரும். ஒவ்வொரு சரணத்திலும் நாலாவது வரி மட்டும் உட்காராது. ரிஷபத்தில் வந்து அப்படியே நிற்கும், கடைசிப் படியில் கால் வைக்காமல் நிற்பதுபோல. அங்கே கிட்டாரும் ஓய்ந்துவிடும். நாலு தட்டு காலி. டோலக் மட்டும் தள்ளி எங்கேயோ கேட்கும். அப்புறம் அடுத்த வரி மறுபடி பஞ்சமத்தில் தொடங்கிவிடும். வர வேண்டிய சட்ஜம் வரவே வராது.

பம்மலில் வளர்ந்த எவருக்கும் அந்த நாலு தட்டு என்னவென்று தெரியும். சாவு வீட்டுக்குக் கானா பாட வருகிறவர்கள் வந்ததும் முதலில் கேட்பது "பேரு இன்னா?" என்றுதான். வயது, வேலை, பிள்ளைகள் எல்லாம் அப்புறம். அந்தப் பெயரை மெட்டில் கட்டுவார்கள். சின்னப் பெயராக இருந்தால் இழுப்பார்கள், நீளமாக இருந்தால் இடுக்குவார்கள். எப்படிக் கட்டினாலும் பெயரின் கடைசி எழுத்து சட்ஜத்தில் வந்து விழும். அது விழும்போதுதான் பந்தலில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் ஓவென்று அழுவார்கள். நானும் என் தம்பியும் மொட்டை மாடிச் சுவரில் தாடையை வைத்துக்கொண்டு கேட்போம். இந்தப் பெயரை எப்படிக் கட்டப் போகிறார்கள் என்று எங்களுக்குள் பந்தயம். அவன் என்னைவிட நாலு வயது சின்னவன், ஆனால் பெரும்பாலும் அவன்தான் ஜெயிப்பான்.

தம்பி ரேடியல் ரோட்டில் பைக்கோடு போனான். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன்.

எங்கள் பாடகர் குழுவே வந்து அவன் அடக்க ஆராதனையில் பாடியது. நாலு குரலில், ஒரு பிசிறு இல்லாமல். எங்கள் பாட்டுகளில் பெயருக்கு இடம் கிடையாது. யார் செத்தாலும் அதே பாட்டுதான், போய்ச் சேர அதே கரைதான், கடக்க அதே ஆறுதான். குழியிலிருந்து திரும்பிய பிறகு வீட்டில் அவன் பெயரை யாரும் சொல்லவில்லை. யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை, அப்படியே ஆகிவிட்டது. "அவன் சட்டை", "அவன் ரூம்" என்போம். எங்கள் மாடியிலேயே அதே பெயரில் ஒரு பையன் இருக்கிறான். அவன் அம்மா படிக்கட்டில் நின்று அவனைக் கூப்பிடும்போதெல்லாம் எங்கள் அம்மா எழுந்துபோய்க் கதவைச் சாத்துவாள். அதைப் பார்த்த பிறகு எனக்கு அவள் முன்னால் அந்தப் பெயரை எடுக்கத் துணிச்சல் வரவில்லை.

அப்போதுதான் இந்தப் பாட்டு வந்தது. சானடோரியம் ஸ்டேஷனில் ரயில் ஏறி, லேடீஸ் பெட்டியில் ஜன்னல் ஓரம் நின்று, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன். நாலாவது வரி ரிஷபத்தில் வந்து நின்றது. எனக்குத் தெரியாமலே என் வாய் தம்பியின் பெயரைச் சொன்னது. மூன்று எழுத்துப் பெயர், நடு எழுத்து நெடில். முதல் தட்டை விட்டுவிட்டு இரண்டாவதில் பிடித்தால், நெடில் மூன்றாவது தட்டில் நீண்டு, கடைசி எழுத்து சட்ஜத்தில் உட்கார்ந்துவிடுகிறது. அளவெடுத்துத் தைத்த சட்டைபோல. அன்றிலிருந்து தினமும் ரயிலில், வீட்டில் காய் நறுக்கும்போது, துணி காயப்போடும்போது, இயர்போனை மாட்டிக்கொண்டு உதட்டுக்குள்ளேயே சொல்லிக்கொள்வேன். உலகத்தில் அவன் பெயரை நான் சொல்லக் கிடைத்த ஒரே இடம் அந்த நாலு தட்டு.

அதில்தான் இந்த ஜனங்கள் புகுந்தார்கள். "மாப்ள" என்றார்கள், "மச்சான்" என்றார்கள். ரீல்ஸில் ஒருத்தி தன் நாயின் பெயரைச் சொல்லி நாயை முத்தமிட்டாள். பள்ளி ஆண்டுவிழா ஒத்திகையில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் தலைமையாசிரியர் பெயரைக் கத்த, அந்த மனிதர் வெட்கப்பட்டுக் கையாட்டினார். ஜெயித்த கிரிக்கெட் டீம், கட்சிக்காரர், புதிதாகத் திறந்த சலூன், எல்லாம் அந்த நாலு தட்டில் வந்து குந்திக்கொண்டன. பொதுச் சுவர் காலியாக இருந்தால் ஒதுங்குகிற புத்திதான் இது. ரயிலில் பாட்டு ஓடும்போது நான் பெயரைச் சொல்ல வாயெடுத்தால், நாயின் பெயர் காதுக்குள் முந்திக்கொள்ளும். என் தம்பியின் இடத்தில் நாய்.

பொறுக்க முடியாமல் எங்கள் குடியிருப்பின் போன் குழுவில் நீளமாக எழுதினேன். மெட்டு எப்படி இறங்குகிறது, ஏன் நிற்கிறது, கானாவில் பெயர் கட்டும் வழக்கம் என்ன, பெயரை வைக்காமல் விட்டதன் மூலம் இந்தப் பெண் எப்படித் தன் துக்கத்தை எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறாள், அந்த மௌனம் எப்பேர்ப்பட்ட கலை முடிவு என்றெல்லாம். இரண்டு பேர் கட்டைவிரல் போட்டார்கள். ஒருவர் "சூப்பர் மேம்" என்றார். ஒருத்தி தன் பெண்ணுக்குக் கீபோர்டு கிளாஸ் எடுப்பேனா என்று கேட்டாள். அதற்கு மேல் ரோஜாப்பூ போட்ட காலை வணக்கம் ஒன்று வந்து என் எழுத்து மேலே போய்விட்டது.

அந்த எழுத்தின் ஒரே பலன், குடியிருப்புச் சங்கச் செயலாளர் என் வீட்டுக்கு வந்ததுதான். ஆண்டுவிழாவுக்கு அந்தப் பாடகியையே கூப்பிட்டிருக்கிறார்களாம். அவளோடு கீபோர்டு வாசிக்கிறவருக்கு அன்று வேறு வேலையாம்.

"மேடம், நீங்கதான் இவ்ளோ டீப்பா தெரிஞ்சு வச்சிருக்கீங்க, நீங்களே வாசிச்சிடுங்க. அப்புறம், ஸ்பான்சர் ஒரே ஒரு ரிக்வெஸ்ட் வச்சிருக்கார். அந்த கேப் வருதில்ல, அங்க அவங்க கடை பேர ஆடியன்ஸ் சொல்லணும். செம ஜாலியா இருக்கும்ல?"

ஸ்பான்சர் ஒரு பிளைவுட் கடைக்காரர். கடையின் பெயரை இங்கே எழுத மாட்டேன், நான் செய்த விளம்பரம் போதும். செயலாளர் முகத்தில் கதவைச் சாத்தியிருக்க வேண்டும். ஆனால் வாசிக்கிறேன் என்றேன். அந்தப் பெண்ணை நேரில் பார்த்து, உன் பாட்டை இவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா என்று சொல்லிவிட வேண்டும். அவள் மேடையில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், கத்துவது நிற்கும், எனக்கு என் இடம் திரும்பக் கிடைக்கும். இதுதான் என் கணக்கு.

விழா அன்று மத்தியானம் கார் நிறுத்துகிற இடத்தில் மேடை. முந்தைய விழாவின் சோற்றுப் பருக்கை காய்ந்து ஒட்டிய சிவப்புக் கம்பளம். ஏரிப் பக்கமிருந்து சாக்கடைக் காற்று. நாலு பக்கமும் பிளைவுட் பேனர். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தொண்டை மிட்டாயை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு வந்தாள். சின்ன உருவம். ஒத்திகையில் நாலாவது வரியைப் பாடி நிறுத்தியவள், மைக்கிலேயே, "இங்கதான் கட பேரு. நல்லா கத்தணும் எல்லாரும், சரியா? இன்னோரு தபா," என்றாள். செயலாளரும் நாற்காலி போடுகிறவர்களும் கத்தினார்கள். அவள் கட்டைவிரலைக் காட்டினாள்.

ஊர் முழுக்க எச்சில் துப்பியது போதாதென்று, வீட்டுக்காரியே வந்து துப்பினால் எப்படி இருக்கும். ஒத்திகை முடிந்ததும் அவள் சேலை மாற்றுவதற்குக் குடியிருப்பின் ஜிம் அறையைக் கொடுத்திருந்தார்கள். ஈர ஷூ நாற்றம் அடிக்கிற அந்த அறைக்குள் அவள் பின்னாலேயே போய்க் கதவைச் சாத்தினேன்.

"அது உங்க அக்கா பேரு வர இடம். அங்க பிளைவுட் கடையா? வெக்கமா இல்ல?"

அவள் டிரெட்மில்லின் மேல் உட்கார்ந்தாள். கோபப்படவில்லை. "அக்கா, அந்த எடத்த பத்தி நீங்க இன்னா நெனச்சிகினு கீறீங்க?" என்றாள்.

சொன்னேன். ரிஷபம், வராத சட்ஜம், திறந்து வைத்த துக்கம், கலை முடிவு. குழுவில் எழுதியதை ஒன்று விடாமல் ஒப்பித்தேன். அவள் முழுவதும் கேட்டாள்.

"அய்ய, அதெல்லாம் இல்லக்கா. பேரு வெச்சித்தான் பாடுனேன். ஸ்டுடியோல ஒவ்வொருவாட்டியும் அந்த எடத்துல அழுவ வந்துடுச்சி. டைம் வேற ஆயிடுச்சி. சவுண்டு இன்ஜினியர் அண்ணா, 'உடும்மா, வெட்டிடலாம்'னு வெட்டிட்டாரு. அவ்ளோதான்."

வெட்டியது. நான் கலை முடிவு என்று எழுதியது, அறை நேரம் முடிந்துபோய் ஒருவர் பொத்தானை அமுக்கியது. எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"மொத ஷோவுல அந்த எடம் காலியா வந்து நின்னுச்சி," என்றாள் அவள். "அடுத்த வரி வாயில வரல. கிட்டார புடிச்சிகினு அப்டியே நிக்கிறேன். முன்னால எவனோ குடிச்சிட்டு 'மச்சான்'னு கத்துனான். அந்த சத்தத்துலதான் அடுத்த வரி வந்துச்சி. அன்னிலேர்ந்து எவனா ஒருத்தன் கத்தணும்க்கா எனக்கு. இன்னா கத்துனா இன்னா? காலியா மட்டும் உடக்கூடாது. உட்டா அங்க அவதான் வந்து நிக்கிறா."

"அப்ப இந்தப் பாட்டையே பாடாம இருக்கலாமே?"

"இது இல்லாம எவன் என்னக் கூப்புடுவான்?"

அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. இன்றைக்கும் பிடிக்கவில்லை. ஆனால் மூக்கைத் துடைத்தபடி அவள் அடுத்து, "நீங்க யாரு பேர சொல்லுவீங்க அங்க?" என்று கேட்டாள். வாயைத் திறந்தேன். தினமும் உதட்டில் இருக்கிற பெயர், ஒரு மனுஷி எதிரில் உட்கார்ந்து கேட்கும்போது வரவில்லை. அவள் காத்திருக்கவில்லை. பையிலிருந்து ஒரு தொண்டை மிட்டாயை எடுத்து என் கையில் வைத்துவிட்டுச் சேலையைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

சாயங்காலம் கூட்டம் நிறைந்திருந்தது. அம்மா இப்படிப்பட்ட விழாவுக்கெல்லாம் இறங்கி வருகிறவள் இல்லை. அன்று வந்து முன் வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நான் மேடையில் வாசிப்பதைப் பார்க்க வந்தாள் என்று நினைத்தேன். தண்ணி லாரி, சந்தை, அந்த வழவழ காதல் பாட்டு எல்லாம் முடிந்து கடைசியாக இது. முதல் சரணத்தில் ஜனங்கள் கடையின் பெயரை அலறினார்கள். ஸ்பான்சர் எழுந்து கும்பிட்டார். இரண்டாவதிலும் அலறினார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டு, அந்த அலறலின் முதுகில் ஏறி அடுத்த வரிக்குப் போனாள். கீபோர்டிலிருந்து பார்க்கிற எனக்கு இப்போது அது தெரிந்தது.

மூன்றாவது சரணம் தொடங்கும்போது பின்னால் தோசைக் கல் சூடாகிவிட்டது. யாரோ "தோசை போட்டுட்டாங்க" என்றார்கள். அவ்வளவுதான், நாற்காலிகள் கிரீச்சிட்டன. ஸ்பான்சர்தான் முதல் ஆள். பாட்டு ஓடிக்கொண்டிருக்க, முதுகைக் காட்டிக்கொண்டு மொத்தக் கூட்டமும் தட்டுக்கு ஓடியது. முட்டி வலிக்காரர்களும் எங்கள் அம்மாவும்தான் மிச்சம். இவ்வளவு காலம் கத்திக் கத்தி என் வயிற்றைக் கலக்கியவர்கள், கத்தித் தொலைக்க வேண்டிய ஒரே நேரத்தில் சட்னிக்கு வரிசையில் நின்றார்கள். அதற்காகவும் அவர்களை நான் மன்னிக்க மாட்டேன்.

நாலாவது வரி ரிஷபத்தில் வந்து நின்றது. முதல் தட்டு போயிற்று. அவள் கண்ணைத் திறந்து காலி நாற்காலிகளைப் பார்த்தாள். வாய் திறந்தபடி இருந்தது, கிட்டார் கழுத்தில் விரல்கள் வெளுத்திருந்தன. என் முன்னாலும் ஒரு மைக் இருந்தது. என் வாயில் தம்பியின் பெயர் இருந்தது. கீழே அம்மா கழுத்தை நீட்டி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எழுந்துபோய்ச் சாத்துவதற்கு அங்கே கதவுகூட இல்லை.

பிளைவுட் கடையின் பெயரைச் சொன்னேன். கத்தவில்லை, பாடினேன். நீளமான பெயர், இடுக்கி இடுக்கிக் கட்டி, கடைசி எழுத்தைச் சட்ஜத்தில் இறக்கினேன். இவ்வளவு நாளில் அந்தக் கடையின் பெயரை யாரும் அவ்வளவு சுத்தமாகப் பாடியிருக்க மாட்டார்கள். அவள் என் பக்கம் திரும்பவில்லை. பஞ்சமத்தைப் பிடித்து அடுத்த வரிக்குப் போய்விட்டாள், பாட்டு முடிந்தது. தோசை வரிசையிலிருந்து ஸ்பான்சர் கைதட்டினார். என் நாக்கில் மரப்பசை தடவியதுபோல் இருந்தது.

லிஃப்டில் அம்மாவும் நானும் மட்டும்தான். சாப்பிட்டாயா என்று கேட்டேன்.

"இன்னாத்துக்குடி கட பேர சொன்ன?" என்றாள்.

"யாரும் கத்தலம்மா. அந்தப் பொண்ணு நின்னுட்டா. அதான்."

லிஃப்ட் எங்கள் மாடியில் நின்றது. அவள் இறங்கவில்லை.

"அந்த எடத்துல நீ தம்பி பேர சொல்லுவன்னுதான் கீழ எறங்கி வந்தேன்."

"உனக்கு எப்படி..."

"காதுல அத மாட்டிகினா நீ எவ்ளோ சத்தமா பேசறன்னு ஒனக்குத் தெரியாது. தெனம் காலைல நீ காய் நறுக்கறப்ப கேட்டுகினுதான கீறேன். இந்த வூட்ல வேற யாரு சொல்றா அவன் பேர?"